அந்தக் கரகரப்பு

தருமபுரி தியேட்டரில் படம் விட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது நீங்கள் இருவரும் ஒரே மாதிரிதான் பேசினீர்கள். அம்மாவுக்குக் குரல் போய்விட்டாலும் இந்தப் படத்தில் பத்திரமாக இருக்கிறது, வேண்டும்போது போட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்று பெரியவள் சொன்னாள். சின்னவன் அதையே போனில் யாரோ நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா உங்களைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது உங்கள் அம்மாவின் குரல் இல்லை. சென்னையில் ஒரு பெண் உட்கார்ந்து பேசிய குரல். அது எப்படி அப்படி ஆனது, அதில் நான் செய்தது என்ன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டும். நிதானமாக ஒருநாள் சொல்லலாம் என்றிருந்தேன். இந்த வாரம் நடந்ததைப் பார்த்தால் அதற்கு நாள் இல்லை.

அம்மா நடிக்கப் போன கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். பெரியவள் அப்போது இரண்டாம் வகுப்பு, சின்னவன் இடுப்பில். ஒகேனக்கல்லில் ஒரு சீரியல் எடுக்க வந்திருந்தார்கள். அவர்களுடைய சமையலுக்குத் தக்காளியும் காய்கறியும் கொண்டுபோய் இறக்குகிற வேலை என் வண்டிக்குக் கிடைத்தது. ஒருநாள் உங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போனேன், அருவியைப் பார்த்தது போலவும் ஆகும் என்று. மீன் வறுக்கிற கடைகளுக்கு முன்னால் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மீன்காரியாக வரவேண்டிய பெண் வந்து சேரவில்லை. மேனேஜர் அம்மாவைப் பார்த்துவிட்டு, ஒரு பையனைத் திட்டணும், அவ்வளவுதான், திட்டுவீங்களா என்று கேட்டார். பையன் மீனை வாங்காமல் அழுத்தி அழுத்திப் பார்க்கிறான், அதுதான் காட்சி.

"வாங்கற மூஞ்சியாடா இது? மீனைத் தடவிக் குடுத்துட்டு நிக்கற. போய் உங்காத்தாளைக் கூட்டியா, அவ வந்து வாங்கட்டும்" என்றாள் அம்மா. நடிக்க வந்த பையன் தன் வசனத்தை மறந்துவிட்டான். கேமராவுக்குப் பின்னால் எல்லோரும் சிரித்தார்கள்.

டிவியில் அது வந்த அன்று தெருவே நம் வீட்டில் இருந்தது. அம்மா திரையில் வாயைத் திறந்தாள். வேறு யாருடைய குரலோ வந்தது, மெல்லிசாக, பட்டணத்துப் பேச்சாக. பக்கத்து வீட்டு அக்கா திரும்பி, "ஏம்புள்ள, உன் தொண்டைய அங்கியே கழட்டி வெச்சுட்டு வந்துட்டியா" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அம்மாவும்தான்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அரூருக்கும் சென்னைக்கும் பஸ்ஸில் போய்வந்தாள். வேலைக்காரி, போலீஸ்காரர் மனைவி, வட்டிக்காரனிடம் கையெடுத்துக் கும்பிடுகிற விதவை, கொலையான பெண்ணின் தாய். ஒரு சீரியலில் வீட்டைப் பிரிக்கிற நாத்தனாராக வந்தபோது, பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிற அம்மாள் பூ விற்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முகம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. குரல் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு யாருடையதோ. வீடு என்று எழுதியிருந்தால் இவள் வாயில் வூடு என்று வரும். அதைச் சொல்லியே குரலை மாற்றினார்கள். ஒவ்வொரு மேனேஜரிடமும் ஒரு தடவையாவது என் குரலையே வையுங்களேன் என்று கேட்டிருக்கிறாள். அடுத்ததில் பார்க்கலாம் என்பார்கள். அவள் இந்தத் தொழிலில் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

இந்தப் படம் வருவதற்கு முந்தின வருடம் ஒரு சாவு வீட்டுக் காட்சி. மூன்று நாள் மார்பில் அடித்துக்கொண்டு கத்தி அழுதிருக்கிறாள். எப்படியும் வேறொருத்தி பேசப்போகிறாள், நீ ஏன் இவ்வளவு கத்தினாய் என்று கேட்டேன். வாயை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு எழும்பாது, முகம் பொய்யாகத் தெரியும் என்றாள். திரும்பி வந்தபோது தொண்டை கட்டியிருந்தது. ஒரு வாரத்தில் சரியாகும் என்றிருந்தோம். ஒரு மாதம் ஆயிற்று. சிமெண்டுத் தரையில் மூட்டையை இழுப்பது போல ஒரு கரகரப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் அதிமதுரமும் மிளகும் தட்டிப்போட்டுக் காய்ச்சிக் கொடுத்தேன். குடித்தால் அரைமணி நேரம் தெளியும், மறுபடியும் கட்டிக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் வத்தல்மலையில் படம் எடுக்க வந்தார்கள். அம்மாவுக்கு இரண்டு நாள் வேலை, ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பெண். மேலே ஏறிப் போன களைப்பில் யாரிடமோ குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். டைரக்டர் திரும்பிப் பார்த்து, இன்னொரு தடவை கேளுங்கம்மா என்றாராம். மூன்று தடவை தண்ணீர் கேட்க வைத்தார்கள். வேலைக்குப் போன மகன் திரும்பி வராமல், வாராவாரம் மலையிலிருந்து இறங்கி ஆபீஸ் வாசலில் நிற்கிற ஒரு தாய்தான் அந்தப் படத்தில் முக்கியம். அதற்கு வேறொருவரைப் பேசி வைத்திருந்தார்கள். அவரை மாற்றிவிட்டு அம்மாவைப் போட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "மாமா, என் கொரலையே வெச்சுக்கறாங்களாம். இந்தக் கொரலுக்குத்தான் தேடிட்டு இருந்தாங்களாம்" என்றாள். அந்தக் கரகரப்போடுதான் சொன்னாள்.

படமெடுக்கிற வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மலையில் பேசியது படத்துக்கு ஆகாது. காற்றும் வண்டிச் சத்தமும் அதில் இருக்கும். படத்தை வெட்டி ஒட்டி முடித்த பிறகு, சென்னையில் ஒரு அறையில் திரையைப் பார்த்து உதட்டுக்குச் சரியாக மறுபடியும் பேசவேண்டும். டப்பிங் என்பது அதுதான். சூட்டிங் முடிந்து மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். அதுவரைக்கும் குரல் மாறக்கூடாது.

சூட்டிங் முடிந்த மறுவாரம் உதவி டைரக்டர் ஒருவர் அம்மாவுக்குப் போன் செய்தார். நான் அடுப்படியில் இருந்தேன், அதிமதுரம் கொதித்துக்கொண்டிருந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. "அக்கா, தொண்டைக்குன்னு எதையும் குடிச்சு வைக்காதீங்க. கொரல் தெளிஞ்சிருச்சுன்னா டைரக்டர் என்னைத் தொலைச்சுடுவார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மாவும் சிரித்தாள். நான் பாத்திரத்தை இறக்கி, சாக்கடையில் ஊற்றினேன். அலமாரியில் இருந்த மிச்சப் பொட்டலத்தையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானாகச் செய்தேன்.

அதைக் குடித்திருந்தால் அந்த நோய் போயிருக்காது, இப்போது அது தெரியும். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அது தொண்டைக்கட்டுதான். தொண்டைக்கட்டு போகவேண்டாம் என்று அவளைப் போலவே நானும் நினைத்தேன். மார்க்கெட்டில் ஆட்கள் என்னை நிறுத்தி, உங்க வூட்டுக்காரம்மா கொரலு சினிமாவுல வருதாமே என்று கேட்டார்கள். பாலக்கோட்டிலிருந்து அரூர் வரைக்கும் தக்காளிப் பெட்டி இறக்குகிற ஒவ்வொரு கடையிலும் நான் அதைப் பேசினேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. களியை உருட்டி விழுங்க முடியவில்லை. மோர் ஊற்றிக் கரைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் மோர். கடைசியில் டம்ளரில் ஊற்றிக் குடிக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. வலது காதில் வலி என்றாள். காதுக்குச் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன். மாடியில் துணி காயப்போட ஏறினால் மூச்சில் மெல்லிசாக விசில் மாதிரி ஒரு சத்தம். கீழே நிற்கிற எனக்குக் கேட்கும். ஒருநாள் பல் துலக்கித் துப்பினாள், நுரை சிவப்பாக இருந்தது. ஈறு என்றாள். சரி, ஈறு என்று நானும் சொன்னேன்.

பெரியவளே, ஓசூரிலிருந்து நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்வாய். ஏம்மா இன்னும் தொண்டை இப்படி இருக்கிறது என்று கேட்பாய். படத்துக்காக இப்படியே வைத்திருக்கிறேன் என்று அம்மா சொல்வாள். நீ நம்பினாய், ஹாஸ்டலில் இருந்த சின்னவனும் நம்பினான். வைத்துக்கொள்ளவும் விடவும் அது அவள் கையில் இருக்கிற மாதிரி சொன்னோம்.

விசில் சத்தம் கேட்டபிறகு நான் கட்டாயப்படுத்தித் தருமபுரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். இரண்டு மாதம் என்றாள் அம்மா. அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

குரல்நாணில் ஒரு பக்கம் அசையவில்லை, துளியூண்டு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும், நாளைக்கே வாருங்கள் என்றார். எடுத்தால் குரல் மாறுமா என்று அம்மா கேட்டாள். கொஞ்ச நாளைக்கு மாறலாம், அதைவிட இது முக்கியம்மா என்றார். அவர் எழுதிக்கொடுத்த சீட்டை அம்மா மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"இருவதாந் தேதி டப்பிங்னு சொல்லியிருக்காங்க மாமா. இன்னும் பதினோரு நாளு. பேசி முடிச்சுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்தர்றேன். இத்தனை நாள் இருந்தது பதினோரு நாள்ல என்ன பண்ணிடும்?"

நான் சரி என்றேன். உங்களுக்குச் சொல்லவேண்டாம் என்றாள், அதற்கும் சரி என்றேன்.

இருபதாம் தேதிக்கு முன்பே கிளம்பினாள். பஸ் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது போன் வந்தது. இரண்டு காட்சியை மறுபடி எடுக்கிறார்கள், டப்பிங் தள்ளிப்போகிறது என்று. அங்கேயே இறங்கி எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வந்தாள். அடுத்து ஒரு தேதி சொன்னார்கள், அதுவும் போயிற்று. யார் மேலும் குற்றமில்லை, அந்தத் தொழில் அப்படித்தான். பதினோரு நாள் என்றது ஐம்பது நாள் ஆனது. அந்தச் சீட்டு ஜாக்கெட்டிலிருந்து சாமி படத்துக்குப் பின்னால் போனது. நான் விளக்கேற்றும்போதெல்லாம் அதன் ஓரம் தெரியும்.

மூன்றாவது தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவளுக்குக் குரல் கிட்டத்தட்ட இல்லை. காற்றுத்தான் வந்தது, காற்றுக்குள் கொஞ்சம் சத்தம். கண்ணாடி முன்னால் நின்று வசனத்தைச் சொல்லிப் பார்ப்பாள். ஒரு வரி சொல்ல இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. படத்தில் அந்த வரி ஒரே மூச்சில் இருக்கிறது, உதடு ஒட்டாது என்று அவளே விரலை விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் பயந்தது அதற்குத்தான். எனக்கு அந்த விசில் சத்தம் இப்போது உட்கார்ந்திருக்கும்போதே கேட்டது.

காலை பத்து மணி இருக்கும். உதவி டைரக்டர் கூப்பிட்டார். அம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள், நான் போனை எடுத்தேன். நாலு நாள் கழித்து வந்துவிடச் சொல்லுங்கண்ணா, இந்தத் தடவை உறுதி என்றார். எனக்கு அந்தச் சினிமாக்காரப் பையன்களோடு பேசிப் பழக்கமில்லை. சரிங்க, சொல்றேங்க என்பதற்குமேல் நான் பேசியதே கிடையாது. அன்றைக்கு வாயில் வந்துவிட்டது.

"அவ வரலைங்க. கொரலுக்கு வேற யாரையாவது வெச்சுக்கங்க" என்றேன்.

அவர் என்னென்னவோ கேட்டார். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். திரும்பினால் அம்மா வாசல்படியில் நிற்கிறாள், கையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா" என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த நாள் சேலத்தில் சேர்த்தேன். பெரிய அறுவை என்றார்கள், குரல்பெட்டியை முழுதாக எடுக்கவேண்டும், முன்பே வந்திருந்தால் வேறு வழி இருந்திருக்கும் என்றார்கள். எத்தனை நாளாக என்று கேட்டபோது, பத்து மாதம் என்று இந்தத் தடவை நான்தான் சொன்னேன். அறுவைக்கு முன்னால் இருந்த ஐந்து நாளும் அவள் என்னிடம் பேசவில்லை. நர்ஸிடம் பேசினாள், ஓடிவந்த உங்களிடம் பேசினாள். அது கோபமா, இல்லை மூச்சை உங்களுக்காக மிச்சம் பிடித்தாளா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

இனி தியேட்டருக்கு வருகிறேன். சென்னையில் பேசிய அந்தப் பெண் யார் என்று தெரியவில்லை, நல்ல திறமைசாலி. மலையில் பதிவானதைக் கேட்டுக் கேட்டு அம்மாவின் வூடு, தண்ணி எல்லாம் அப்படியே பேசியிருந்தாள். அந்தக் கரகரப்பையும் அப்படியே கொண்டுவந்திருந்தாள். நல்ல தொண்டை உள்ள ஒருத்தி உங்கள் அம்மாவின் நோயைப் பார்த்து வரைந்த மாதிரி இருந்தது எனக்கு. நீங்கள் ஏமாந்ததில் தப்பில்லை. மலையில் பதிவானதையாவது கேட்டு வாங்கலாம் என்று போன் செய்தேன். வேலை முடிந்ததும் அழித்துவிடுவோம் என்றார்கள்.

நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கூடவே வசனம் சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, சத்தமில்லை. கழுத்தில் மூச்சு விடுகிற துளைமேல் கட்டியிருக்கிற வெள்ளைத் துணி, ஒவ்வொரு வரிக்கும் எழும்பி எழும்பித் தணிந்தது. கடைசிக் காட்சி வரைக்கும் ஒரு வரி விடவில்லை.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை அதே டைரக்டர் நேராக வீட்டுக்கு வந்தார். நல்ல மனுசன், அம்மாவின் காலைத் தொட்டார். அடுத்த படத்தில் வாய் பேசாத ஒரு தாய் இருக்கிறாள், அக்காவை நினைத்தே எழுதினேன் என்றார். மறுபடியும் வத்தல்மலைதான். வருகிற திங்கட்கிழமை தொடங்கி எட்டு நாள். கழுத்துத் துணியை மறைக்கவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். சனிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார். அம்மாவின் முகம் அன்றைக்குப் பையைக் கீழே வைக்காமல் நின்றபோது இருந்த மாதிரி ஆகிவிட்டது.

சேலத்தில் ஸ்கேனுக்குக் கொடுத்திருக்கிற நாள் அந்த எட்டு நாளுக்குள் வருகிற புதன்கிழமை. அது உங்களுக்கும் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. பத்து நாளாக அம்மா அந்தத் துணியை வழக்கத்தைவிட மேலே ஏற்றிக் கட்டுகிறாள், காதுக்குக் கீழே வரைக்கும். நேற்று அவள் தலை துவட்டும்போது பார்த்தேன். காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவு ஒன்று தடித்திருக்கிறது. தொட்டேன். கல் மாதிரி இருந்தது. என் கையைத் தட்டிவிட்டாள். பிறகு நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள், எட்டே நாள் மாமா, முடிச்சுட்டு ஸ்கேனுக்கு வர்றேன், புள்ளைங்களுக்குச் சொல்லாதே என்று.

நான் அதற்குச் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருதரம் அவளைக் கேட்காமல் நான் முடிவு செய்தேன். அதற்கு முன்னால் அவள் சொன்னதற்கெல்லாம் சரி சரி என்றேன். இரண்டும் நடந்து பார்த்தாகிவிட்டது. போகட்டும் என்று விட்டால் எனக்கு அந்தத் தடிப்பு கண்ணை விட்டுப் போகாது. வரமாட்டாள் என்று டைரக்டருக்கு நானே போன் செய்தால், வாசல்படியில் நின்ற அன்றைக்குப் போல அவள் என்னை மறுபடியும் பார்ப்பாள். இந்தத் தடவை நீங்களும் கூட இருக்கவேண்டும். சூட்டிங்கை மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்கலாமா, ஸ்கேனை இந்த வாரமே எடுக்கக் கேட்கலாமா, எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குக் கேட்கத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் இரண்டு பேரும் பஸ் ஏறி வந்துவிடுங்கள். நான் எழுதியதை அம்மாவுக்கும் படிக்கக் கொடுத்துவிடுவேன், அவளுக்குத் தெரியாமல் உங்களை வரவைத்ததாக இருக்கக்கூடாது. வரும்போது கடையில் ஒரு நோட்டு வாங்கி வாருங்கள், நீளமானதாக, கோடு போட்டதாக. அம்மா எழுதிக் காட்டுகிற நோட்டில் மூன்று பக்கம்தான் பாக்கி, அன்றைக்கு அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.